இயல் 6: நாட்டு அணிகளின் கால்பந்து ஆட்டங்களைக் கணிக்கும் மாதிரிகள்

நாட்டு அணிகள் மோதும் கால்பந்து ஆட்டங்களின் முடிவைச் செயற்கை நுண்ணறிவு மாதிரி கொண்டு முன்கூட்டிக் கணிக்க முயல்வோருக்கு முதல் தடையாக நிற்பது தரவுப் பஞ்சம். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஒவ்வொரு கிளப்பும் ஒரு பருவத்தில் 38 ஆட்டங்கள் ஆடுகிறது. லீக் முழுவதும் சேர்த்து 380 ஆட்டங்கள் நடக்கின்றன. பெரும்பாலும் அதே வீரர்கள், அதே பயிற்சியாளர், அதே மைதானம் என்பதால் ஓர் அணியின் வலிமையை மதிப்பிடப் போதிய சான்று சில மாதங்களிலேயே சேர்ந்துவிடுகிறது. நாட்டு அணியோ ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களோடு நின்றுவிடுகிறது. அவற்றிலும் சில நட்பு ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடையே வீரர் பட்டியல் பாதி மாறிவிடுவதும் உண்டு. இந்தப் பஞ்சத்தை மறந்துவிட்டுக் கட்டப்படும் மாதிரி, எத்தனை புதிய நுட்பத்தைப் பயன்படுத்தியிருந்தாலும், தனக்குத் தெரிந்ததைவிடக் கூடுதலான உறுதியோடு பேசத் தொடங்கிவிடும். இந்த இயலில் சொல்லப்படும் வழிமுறைகள் அனைத்தும் அந்தக் குறையைத் தவிர்ப்பதையே நோக்கமாகக் கொண்டவை.

மாதிரி என்பது இங்கே, கடந்த ஆட்டங்களின் பதிவுகளிலிருந்து ஒழுங்குகளைக் கண்டறிந்து, நடக்கவிருக்கும் ஆட்டத்துக்கு எண்களைத் தரும் கணித அமைப்பைக் குறிக்கும். அது தர வேண்டிய எண்கள் மூன்று: முதல் அணி வெல்லும் நிகழ்தகவு, ஆட்டம் சமனாகும் நிகழ்தகவு, இரண்டாம் அணி வெல்லும் நிகழ்தகவு. மூன்றும் சேர்ந்து நூறு விழுக்காடாக வேண்டும். 'யார் வெல்வார்' என்ற கேள்விக்கு ஒரே பெயரைப் பதிலாகத் தரும் மாதிரியைச் சோதித்துப் பார்ப்பது கடினம்; திருத்துவது அதைவிடக் கடினம். 2022 நவம்பர் 22 அன்று கத்தாரின் லுசைல் மைதானத்தில், தொடர்ந்து 36 ஆட்டங்களில் தோல்வியே காணாத அர்ஜென்டினாவைச் சவூதி அரேபியா 2–1 என்று வென்றது. அந்த வெற்றிக்குக் கிரேஸ்நோட் என்ற தரவு நிறுவனத்தின் கணக்கு தந்திருந்த வாய்ப்பு 8.7 விழுக்காடு. ஏறத்தாழ பன்னிரண்டு முறைக்கு ஒருமுறை நடக்கக்கூடியது நடந்தது என்பதால் அந்தக் கணக்கு தவறாகிவிடாது, 8.7 விழுக்காடு என்று சொல்லப்பட்ட நிகழ்வுகள் நீண்ட காலத்தில் அந்த அளவுக்கே நடக்கின்றனவா என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

தரவைத் திரட்டுதல்

நாட்டு அணிகளின் முதல் அதிகாரபூர்வ ஆட்டம் 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோ நகரை ஒட்டிய பார்ட்டிக்கில் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நடந்து, கோல் எதுவும் விழாமல் சமனாக முடிந்தது. அன்றுதொட்டு நடந்த ஆடவர் ஆட்டங்களின் முடிவுகளைத் தொகுத்த திறந்த தரவுத் தொகுப்பு காகிள் தளத்தில் கிடைக்கிறது. நாள், இரு அணிகளின் பெயர், கோல் எண்ணிக்கை, போட்டியின் பெயர், ஆட்டம் நடந்த நகரமும் நாடும், மைதானம் இரு அணிக்கும் பொதுவானதா என்ற குறிப்பு ஆகியவை அதில் உள்ளன. தொடக்கநிலைப் பயிற்சிக்கு இதுவே போதும். 1872 முதல் எல்லாவற்றையும் மாதிரிக்கு ஊட்ட வேண்டியதில்லை. தரவரிசை எண்கள் நிலைபெறுவதற்குப் பழைய ஆட்டங்களைப் பயன்படுத்திவிட்டு, கோல்களைக் கணிக்கும் பகுதியைக் கடந்த இருபது ஆண்டு ஆட்டங்களைக் கொண்டு பயிற்றுவிப்பது நடைமுறைக்கு ஏற்றது.

இத்தொகுப்பில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கோல் எண்ணிக்கையில் கூடுதல் நேரத்தில் விழுந்த கோல்களும் சேர்ந்திருக்கும். பெனால்டி ஷூட் அவுட் கோல்கள் சேராது. 2014 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் 90 நிமிடம் முடிந்தபோது ஜெர்மனியும் அர்ஜென்டினாவும் கோல் இல்லாமல் சமநிலையில் இருந்தன. மரியோ கோட்ஸே 113-ஆம் நிமிடத்தில் அடித்த கோலால் ஜெர்மனி வென்றது. தொகுப்பில் அது 1–0 என்றே இருக்கும். 2022 இறுதியாட்டம் 90 நிமிட முடிவில் 2–2, கூடுதல் நேர முடிவில் 3–3. தொகுப்பில் இருப்பது 3–3. தொண்ணூறு நிமிடத்துக்குரிய கோல் வீதத்தை மதிப்பிட முயலும் மாதிரிக்கு நூற்றிருபது நிமிடக் கணக்கைக் கலந்து கொடுத்தால், நாக்-அவுட் ஆட்டங்களில் சமன் ஆகும் வாய்ப்பை அது குறைத்தே மதிப்பிடும். கோல் விழுந்த நிமிடங்களைத் தரும் துணைப் பட்டியல் இருந்தால் அதைக்கொண்டு திருத்தலாம். இல்லாத நிலையில் பெரிய போட்டிகளின் நாக்-அவுட் ஆட்டங்களை மட்டுமாவது கைப்படச் சரிபார்ப்பது நல்லது. நாக்-அவுட் ஆட்டங்களின் எண்ணிக்கை சிறிது என்பதால் இந்த உழைப்பு ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும்.

இதைத் தவிர நாடுகளின் பெயர் மாற்றம், சோவியத் ஒன்றியம், யூகோஸ்லாவியா போன்ற நாடுகள் பிரிந்தபின் பழைய பதிவுகள் யாருக்குச் சேரும் என்பது, போட்டிப் பெயர்களின் எழுத்து வேறுபாடு ஆகியவற்றையும் ஒழுங்குபடுத்த வேண்டும். மகளிர் ஆட்டங்களை ஆடவர் ஆட்டங்களோடு கலக்காமல் தனி மாதிரியாகக் கட்ட வேண்டும். கோல் வீதமும் அணிகளுக்கிடையேயான வலிமை இடைவெளியும் இரண்டிலும் ஒன்றல்ல.

வலிமையை எண்ணாக்குதல்

அணியின் வலிமையை ஒரே எண்ணில் அடக்குவதற்கு மிக எளிய, மிகவும் நம்பத்தக்க வழி எலோ மதிப்பீடு. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இயற்பியல் பேராசிரியர் அர்பாத் எலோ சதுரங்க வீரர்களுக்காக வகுத்த இம்முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றுக்கொண்டது. நாட்டுக் கால்பந்து அணிகளுக்கு ஏற்ப அதை 1997-இல் மாற்றியமைத்தவர் பாப் ரன்யன். முறையின் அடிப்படை இதுதான்: ஆட்டத்துக்கு முன் இரு அணிகளின் மதிப்பெண் வேறுபாட்டிலிருந்து எதிர்பார்க்கப்படும் முடிவு கணிக்கப்படுகிறது, ஆட்டம் முடிந்தபின் உண்மை முடிவுக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள இடைவெளியை ஓர் எடையால் பெருக்கி, வென்ற அணிக்குக் கூட்டி, தோற்ற அணிக்குக் கழிக்கப்படுகிறது. எதிர்பார்ப்பைத் தரும் சூத்திரத்தில், வேறுபாட்டை 400-ஆல் வகுத்து, அந்த எண்ணைப் பத்தின் எதிர்மறை அடுக்காக்கி, ஒன்றோடு கூட்டி, வரும் தொகையால் ஒன்றை வகுக்க வேண்டும். வேறுபாடு 200 என்றால் விடை 0.76, வலிமையான அணி சொந்த மண்ணில் ஆடுகிறது என்றால் ரன்யன் முறைப்படி 100 புள்ளிகள் கூட்டப்படுவதால் வேறுபாடு 300 ஆகி, விடை 0.85 ஆகிறது. (வெற்றிக்கு 1, சமனுக்கு அரை என்று கொள்ளப்படுவதால் இந்த எண் தூய வெற்றி வாய்ப்பு அன்று என்பதை நினைவில் வைக்க வேண்டும்.)

எடை எவ்வளவு என்பதில்தான் நாட்டுக் கால்பந்தின் தன்மை வெளிப்படுகிறது. ரன்யன் முறையில் உலகக் கோப்பை ஆட்டத்துக்கு 60, கண்டப் போட்டிகளின் முதன்மைச் சுற்றுக்கு 50, தகுதிச் சுற்றுகளுக்கு 40, நட்பு ஆட்டத்துக்கு 20 என எடை இறங்கிவருகிறது. கோல் வித்தியாசம் இரண்டு என்றால் எடை ஒன்றரை மடங்காகும், மூன்று என்றால் ஒன்றே முக்கால் மடங்காகும். மேற்சொன்ன 200 புள்ளி முன்னிலை கொண்ட அணி பொது மைதானத்தில் நடக்கும் உலகக் கோப்பை ஆட்டத்தில் 0–1 என்று தோற்றால் ஏறத்தாழ 46 புள்ளிகளை இழக்கும். அதே தோல்வி நட்பு ஆட்டத்தில் நேர்ந்தால் இழப்பு 15 புள்ளி மட்டுமே.

ஃபிஃபா தன் அதிகாரபூர்வத் தரவரிசையை 2018 ஆகஸ்ட் முதல் எலோவைத் தழுவிய முறைக்கு மாற்றிக்கொண்டது. அதற்கு முந்தைய முறை ஆட்டங்களின் சராசரியைக் கணக்கிட்டதால், குறைந்த எடை கொண்ட நட்பு ஆட்டங்களை ஆடுவதே ஓர் அணியின் தரவரிசையைக் கீழே இழுத்துவிடும் நிலை இருந்தது. போலந்து நட்பு ஆட்டங்களை வெகுவாகக் குறைத்துக்கொண்டு 2018 உலகக் கோப்பைக்கான குலுக்கலில் முதல் கூடையில் இடம் பிடித்து, பிறகு செனகல், கொலம்பியா, ஜப்பான் இருந்த தன் குழுவில் கடைசி இடத்தில் முடிந்தது. ஆகவே 2018-க்கு முந்தைய ஃபிஃபா தரவரிசையை மாதிரியில் உள்ளீடாகப் பயன்படுத்துவதைத் தவிர்ப்பதே அறிவுடைமை. புதிய முறையும் கணிப்புக்கென்றே செய்யப்பட்டதன்று. அதில் வேறுபாடு 600-ஆல் வகுக்கப்படுகிறது, சொந்த மண் சாதகம் கணக்கில் வருவதில்லை, கோல் வித்தியாசமும் பொருட்படுத்தப்படுவதில்லை. கணிப்பாளர் தாமே எலோ கணக்கைத் தொடக்கத்திலிருந்து ஓட்டிப் பெறும் எண்கள் இதைவிடப் பயன் தரும்.

சொந்த மண் சாதகத்தை எல்லா நாட்டுக்கும் ஒரே அளவாகக் கொள்வது ஒரு வசதிக்காகத்தான். கடல் மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள லா பாஸ் நகரில் பொலிவியா 2009 ஏப்ரல் 1 அன்று, மெஸ்ஸி ஆடிய, மரடோனா பயிற்சியளித்த அர்ஜென்டினாவை 6–1 என்று தோற்கடித்தது. உயரத்துக்கு உடல் பழகாத அணிக்கு மூச்சு முட்டும் அந்த மைதானத்துக்கும், பொலிவியா வெளிநாட்டில் ஆடும் ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை நூறு புள்ளிகள் ஈடுசெய்யா. மைதானத்தின் உயரத்தையும், இரு அணிகளும் பயணம் செய்த தூரத்தையும் தனி உள்ளீடுகளாகச் சேர்ப்பது தென் அமெரிக்கத் தகுதிச் சுற்றுகளைக் கணிப்பவர்களுக்கு இன்றியமையாதது.

இதைவிட ஆழமான இன்னொரு சிக்கல், கண்டங்களுக்கிடையேயான அளவுகோல். தகுதிச் சுற்றுகளில் ஆசிய அணிகள் ஆசிய அணிகளோடும், ஐரோப்பிய அணிகள் ஐரோப்பிய அணிகளோடும் மோதுவதால் ஒவ்வொரு கண்டத்துக்குள்ளும் புள்ளிகள் சுற்றிச்சுற்றி வருகின்றனவே தவிர, ஒரு கண்டத்திலிருந்து மற்றொன்றுக்கு அவை கைமாறுவது அரிதாகவே நடக்கிறது. முன்பு நட்பு ஆட்டங்கள் ஓரளவு பாலமாக இருந்தன. 2018 செப்டம்பரில் தொடங்கிய யூஇஎஃப்ஏ நேஷன்ஸ் லீக் ஐரோப்பிய அணிகளின் நட்பு ஆட்ட நாட்களில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டதால், ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள அணிகளோடு அவை மோதும் வாய்ப்பு மேலும் சுருங்கியது. ஒரு கண்டத்தின் அணிகள் அனைத்தும் சேர்ந்து ஐம்பது புள்ளி மிகையாக மதிப்பிடப்பட்டிருந்தால், அந்தப் பிழை அடுத்த உலகக் கோப்பை வரும்வரை எவருடைய கண்ணிலும் படாது. கண்டம் என்பதைத் தனி உள்ளீடாக வைத்து, அதன் விளைவை உலகக் கோப்பைகளிலும் கண்டம் தாண்டிய ஆட்டங்களிலும் மட்டும் மதிப்பிட்டு, அந்த மதிப்பீட்டைப் பூஜ்யத்தை நோக்கி ஓரளவு சுருக்கிக்கொள்வதுதான் இதற்குரிய மருந்து. இவ்வாறு சுருக்குவது, குறைந்த சான்றிலிருந்து பெரிய முடிவுக்குத் தாவிவிடாமல் மாதிரியைக் கட்டுப்படுத்தும் புள்ளியியல் உத்தி.

கோல்களிலிருந்து முடிவுக்கு

எலோ எண் மூன்று நிகழ்தகவுகளையும் பிரித்துத் தருவதில்லை. அதற்குக் கோல்களைக் கணிக்க வேண்டும். 1982-இல் மைக்கேல் மாஹர், ஒவ்வோர் அணிக்கும் தாக்குதல் வலிமை, தற்காப்பு வலிமை என இரண்டு எண்களை வைத்து, கோல்கள் பாய்சான் பரவலின்படி விழுவதாகக் கொள்ளும் மாதிரியை முன்வைத்தார். பாய்சான் பரவல் என்பது, ஒரு நிகழ்வின் சராசரி வீதம் தெரிந்தால் அது பூஜ்யம் தடவை, ஒரு தடவை, இரண்டு தடவை என நடப்பதற்கான நிகழ்தகவுகளைத் தரும் சூத்திரம். கோல் போல அரிதாகவும் பெரும்பாலும் ஒன்றையொன்று சாராமலும் நடக்கும் நிகழ்வுகளுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. 2018 உலகக் கோப்பையின் 64 ஆட்டங்களில் 169 கோல்களும், 2022-இன் 64 ஆட்டங்களில் 172 கோல்களும் விழுந்தன. அதாவது ஆட்டத்துக்கு இரண்டரைக்குச் சற்று மேல்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகச் செய்து பார்ப்பது பயனுள்ளது. முதல் அணிக்கு 1.6 கோல், இரண்டாம் அணிக்கு 0.9 கோல் என்று மாதிரி எதிர்பார்ப்பதாகக் கொள்வோம். பாய்சான் சூத்திரப்படி முதல் அணி கோலே அடிக்காத வாய்ப்பு 0.202, ஒரு கோல் 0.323, இரண்டு கோல் 0.258, இரண்டாம் அணிக்கு முறையே 0.407, 0.366, 0.165. இவற்றைக் குறுக்கே பெருக்கினால் ஒவ்வொரு கோல் கணக்குக்கும் உரிய நிகழ்தகவு அட்டவணை கிடைக்கும். 1–0 என்பதற்கு 0.131, 1–1 என்பதற்கு 0.118, 2–0 என்பதற்கு 0.105. அட்டவணையில் முதல் அணி முன்னிலை பெறும் கட்டங்களைக் கூட்டினால் 54 விழுக்காடு, சமன் கட்டங்களைக் கூட்டினால் 25, இரண்டாம் அணியின் கட்டங்களைக் கூட்டினால் 21. இங்கே கவனிக்கத்தக்கது, மிக அதிக வாய்ப்புள்ள கோல் கணக்கான 1–0 கூட எட்டில் ஒரு பங்கு அளவே நிகழக்கூடியது என்பது. துல்லியமான கோல் கணக்கைச் சொல்லிவிடுவதாக விளம்பரம் செய்யும் எந்தச் செயலியையும் இந்த ஓர் எண்ணைக் கொண்டே எடைபோட்டுவிடலாம்.

மாஹரின் மாதிரியை மார்க் டிக்சனும் ஸ்டூவர்ட் கோல்ஸும் 1997-இல் இரண்டு வகையில் செம்மைப்படுத்தினர். இரு அணிகளின் கோல்களும் முற்றிலும் தனித்தனியானவை என்று கொண்டால் 0–0, 1–1 ஆகிய முடிவுகள் உண்மையில் நடப்பதைவிடக் குறைவாகவும், 1–0, 0–1 ஆகியவை மிகையாகவும் கணிக்கப்படுகின்றன. இந்த நான்கு கட்டங்களை மட்டும் திருத்தும் ஒரு சிறு காரணியை அவர்கள் சேர்த்தனர். பழைய ஆட்டங்களுக்குக் காலம் செல்லச்செல்ல எடையைக் குறைப்பது அவர்கள் செய்த மற்றொரு திருத்தம். நாட்டு அணிகளுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை எடை பாதியாகும்படி வைத்துத் தொடங்கலாம். அப்போது ஆறாண்டுக்கு முந்தைய ஆட்டத்தின் எடை கால் பங்காகவும், ஒன்பதாண்டுக்கு முந்தையது அரைக்கால் பங்காகவும் ஆகும். கிளப் ஆட்டங்களுக்கு ஏற்ற வேகமான தேய்வை இங்கே பயன்படுத்தினால் அணிக்கு ஐந்தாறு ஆட்டங்களே மிஞ்சி, எண்கள் தள்ளாடத் தொடங்கும்.

இயந்திரக் கற்றலின் இடம்

முடிவு மரங்கள் நூற்றுக்கணக்கில் வளர்க்கப்பட்டு அவற்றின் கணிப்புகள் சராசரியாக்கப்படும் ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற முறை, நாட்டுக் கால்பந்தில் நன்கு சோதிக்கப்பட்ட இயந்திரக் கற்றல் கருவி. முடிவு மரம் என்பது 'எலோ வேறுபாடு 150-க்கு மேலா', 'போட்டியை நடத்தும் நாடா' என்பன போன்ற கேள்விகளால் தரவைக் கிளைகிளையாகப் பிரித்துச் செல்லும் அமைப்பு. ஆண்ட்ரியாஸ் க்ரோல், கிறிஸ்டோஃப் லே, குந்தர் ஷாவ்பெர்கர், ஹான்ஸ் வான் ஈட்வெல்டே ஆகிய நால்வர் 2002 முதல் 2014 வரையிலான நான்கு உலகக் கோப்பைகளின் 256 ஆட்டங்களைக் கொண்டு இத்தகைய மாதிரியைக் கட்டி, 2018 போட்டியை ஒரு லட்சம் முறை கணினியில் ஆட வைத்தனர். நாட்டின் தனிநபர் வருமானம், மக்கள்தொகை, அணியின் சராசரி வயது, ஒரே கிளப்பில் ஆடும் வீரர்களின் எண்ணிக்கை, பயிற்சியாளரின் பதவிக்காலம் எனப் பல உள்ளீடுகள் அதில் இருந்தன. ஆயினும் கடந்த ஆட்டங்களிலிருந்து புள்ளியியல் முறையில் மதிப்பிடப்பட்ட அணி வலிமையே அவற்றுள் முதன்மையாக நின்றது. அடிப்படை எண் சரியாக அமையாவிட்டால், அதன்மேல் அடுக்கப்படும் நுட்பம் அதிகம் உதவாது என்பதை இது காட்டுகிறது.

அந்த மாதிரி ஸ்பெயினுக்கு 17.8, ஜெர்மனிக்கு 17.1 விழுக்காடு கோப்பை வாய்ப்புத் தந்தது. ஜெர்மனி தென் கொரியாவிடம் 0–2 என்று தோற்றுக் குழுச் சுற்றோடு வெளியேறியது. ஸ்பெயின் அடுத்த சுற்றில் ரஷ்யாவிடம் பெனால்டி ஷூட் அவுட்டில் வீழ்ந்தது. போட்டி தொடங்குவதற்கு முதல் நாள் ஸ்பெயின் தன் பயிற்சியாளர் ஹுலென் லோபெடெகியைப் பதவிநீக்கம் செய்தது. அந்நிகழ்வு அதற்கு முன்பே வெளியான கணக்கில் இடம்பெற்றிருக்க முடியாது. 2014 உலகக் கோப்பை அரையிறுதியில், முன்பே காயமுற்ற நெய்மாரும் தடைபெற்ற தியாகோ சில்வாவும் இல்லாத பிரேசில் ஜெர்மனியிடம் 1–7 என்று தோற்றதையும் இதே வரிசையில் வைக்கலாம். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியாகும் பதினொருவர் பட்டியலைக் கொண்டு அணி வலிமையைத் திருத்தும் வசதி இருந்தால் அதைச் சேர்க்க வேண்டும். வீரர்களின் சந்தை மதிப்பு அதற்கு ஓர் ஏற்கத்தக்க பதிலி.

இயந்திரக் கற்றலில் இரண்டு பிழைகள் மீண்டும் மீண்டும் நேர்கின்றன. மிகைப்பொருத்தம் என்பது, சில நூறு ஆட்டங்களில் தற்செயலாக அமைந்த ஒற்றுமைகளை விதிகளாகக் கற்றுக்கொண்டு புதிய ஆட்டத்தில் மாதிரி தவறுவது. உள்ளீடுகளைக் குறைப்பதும் மரங்களின் ஆழத்தைக் கட்டுப்படுத்துவதும் இதற்குத் தீர்வு. பல அடுக்கு நரம்பு வலையமைப்புகள் லட்சக்கணக்கான பதிவுகள் உள்ள துறைகளில் வெற்றி பெற்றவை; சில ஆயிரம் ஆட்டங்கள் மட்டும் உள்ள இடத்தில் அவற்றோடு தொடங்குவது காலவிரயம். தரவுக் கசிவு இதைவிட ஆபத்தானது. ஆட்டத்துக்குப் பிறகு புதுப்பிக்கப்பட்ட தரவரிசையை அதே ஆட்டத்தைக் கணிக்கும் உள்ளீடாகத் தந்துவிட்டால் சோதனையில் மாதிரி வியக்கத்தக்க துல்லியத்தைக் காட்டும், நடைமுறையில் படுத்துவிடும். ஒவ்வோர் உள்ளீடும் ஆட்டம் தொடங்கும் முன்பே கிடைத்திருக்கக்கூடியதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். பயிற்சித் தரவையும் சோதனைத் தரவையும் குலுக்கிப் பிரிக்காமல், ஒரு நாளைக் குறித்து அதற்கு முந்தையதில் பயிற்றுவித்து, பிந்தையதில் சோதிக்க வேண்டும்.

உரையாடும் மொழி மாதிரிகளிடம் 'நாளை யார் வெல்வார்' என்று கேட்டு வரும் பதிலையும் சிலர் கணிப்பாகக் கொள்கின்றனர். அம்மாதிரிகள் உரைகளில் அடுத்து வரத்தக்க சொல்லைக் கற்றவை. அவற்றின் அறிவு ஒரு குறிப்பிட்ட நாளோடு நின்றிருக்கலாம். அவை சொல்லும் விழுக்காடு எந்தக் கணக்கிலிருந்தும் பிறந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. கடந்தகால ஆட்டங்களைக் கொண்டு அவற்றைச் சோதிப்பதும் செல்லாது. அந்த முடிவுகளை அவை ஏற்கெனவே படித்திருக்கும். நிரல் எழுதவும், தரவை ஒழுங்குபடுத்தவும், செய்திகளிலிருந்து காயப் பட்டியலைத் திரட்டவும் அவற்றைப் பயன்படுத்தலாம். நிகழ்தகவைத் தரும் பணியை மேற்சொன்ன மாதிரிகளிடமே விட வேண்டும்.

முழுப் போட்டியையும் கணித்தல்

ஓர் ஆட்டத்தின் நிகழ்தகவு கைக்கு வந்தபின், போட்டி முழுவதையும் கணினியில் பல்லாயிரம் முறை ஆட வைத்து, எந்த அணி எத்தனை முறை கோப்பையை வென்றது என்று எண்ணுவதே மான்டே கார்லோ முறை. இதில் நுட்பத்தைவிட விதிகளைப் பிழையின்றி எழுதுவதுதான் பெரும் வேலை. 2026 உலகக் கோப்பைக்கு வகுக்கப்பட்ட அமைப்பில் 48 அணிகள், நான்கு அணிகள் கொண்ட 12 குழுக்கள், மொத்தம் 104 ஆட்டங்கள். ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு அணிகளோடு, மூன்றாம் இடம் பெற்றவற்றுள் சிறந்த எட்டும் அடுத்த சுற்றுக்குச் செல்லும். எந்தெந்தக் குழுக்களின் மூன்றாம் அணிகள் முன்னேறின என்பதைப் பொறுத்து யார் யாரோடு மோதுவார் என்பது மாறுவதால், அந்த அட்டவணையை முழுமையாக நிரலில் ஏற்ற வேண்டும். நாக்-அவுட் ஆட்டம் சமனானால் கூடுதல் நேரத்துக்குக் கோல் வீதத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டு ஆட வைத்து, அதன்பிறகும் சமன் என்றால் பெனால்டி ஷூட் அவுட்டைப் பாதிக்குப் பாதி என்றே கொள்வது பாதுகாப்பானது. 2022-இல் மட்டும் ஐந்து ஆட்டங்கள் ஷூட் அவுட்டில் முடிந்தன.

அந்த 2022 போட்டிக்கு முன் லண்டனின் ஆலன் டியூரிங் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பிரேசிலுக்கு ஏறத்தாழ 25 விழுக்காடு வாய்ப்பை மதிப்பிட்டனர். பிரேசில் காலிறுதியில் குரோஷியாவிடம் ஷூட் அவுட்டில் தோற்றது. செய்திகளில் 'பிரேசில் வெல்லும் என்கிறது செயற்கை நுண்ணறிவு' என்று சுருங்கிப் போகும் இத்தகைய கணிப்பின் முழுப்பொருள், வேறோர் அணி வெல்லும் வாய்ப்பு நான்கில் மூன்று பங்கு என்பது. மாதிரியை உருவாக்குபவர் தம் முடிவை வெளியிடும்போது முதலிடத்தை மட்டும் சொல்லாமல் குறைந்தது பத்து அணிகளின் நிகழ்தகவையாவது சேர்த்து வெளியிடுவது வாசகருக்குச் செய்யும் நேர்மை.

சோதித்து மதிப்பிடுதல்

எத்தனை ஆட்டங்களில் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னது என்ற எண்ணிக்கை மோசமான அளவுகோல். 51 விழுக்காட்டையும் 95 விழுக்காட்டையும் அது ஒன்றாகவே பார்க்கிறது. அந்தோனி கான்ஸ்டன்டினோவும் நார்மன் ஃபென்டனும் 2012-இல் பரிந்துரைத்த தரவரிசை நிகழ்தகவு மதிப்பெண் இங்கே பொருத்தமானது. வெற்றி, சமன், தோல்வி என்ற வரிசையில் சமன் வெற்றிக்கு அருகில் உள்ளது, தோல்வி தொலைவில் உள்ளது என்பதை அது கணக்கில் கொள்கிறது. முன்னர் கண்ட 54, 25, 21 என்ற கணிப்பை எடுத்துக்கொண்டால், குவிநிகழ்தகவுகள் 0.54, 0.79. முதல் அணி வென்றால் இவற்றுக்கும் 1-க்கும் உள்ள இடைவெளிகளின் வர்க்கங்களைக் கூட்டிப் பாதியாக்க, 0.128 கிடைக்கும், சமனானால் 0.168, இரண்டாம் அணி வென்றால் 0.458. எண் சிறிதாக இருப்பதே நல்லது. எல்லா ஆட்டத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு என்று சொல்லும் சோம்பேறிக் கணிப்பின் சராசரியையும், எலோ வேறுபாட்டை மட்டும் கொண்ட எளிய மாதிரியின் சராசரியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். எளிய மாதிரியை வெல்லாத சிக்கலான மாதிரியைக் கைவிடத் தயங்கக் கூடாது.

பந்தய நிறுவனங்களின் விகிதங்கள் மிகக் கடினமான ஒப்பீடு. 1.80, 3.50, 4.50 என்ற விகிதங்களைத் தலைகீழாக்கினால் 0.556, 0.286, 0.222, கூட்டுத்தொகை 1.064. ஒன்றுக்கு மேல் நிற்கும் 0.064 நிறுவனத்தின் லாபப் பங்கு. ஒவ்வோர் எண்ணையும் 1.064-ஆல் வகுத்தால் 52, 27, 21 விழுக்காடு என்ற சந்தையின் கணிப்பு வெளிப்படும். காயம், பயிற்சியாளர் மாற்றம், வானிலை என எல்லாச் செய்தியும் அதில் ஏற்கெனவே கரைந்திருப்பதால், திறந்த தரவைக் கொண்டு வீட்டில் கட்டப்படும் மாதிரி அதைத் தொடர்ந்து வெல்வது மிக அரிது. இந்த ஒப்பீடு அளவுகோலாக மட்டுமே இங்கே தரப்படுகிறது; பணம் வைத்து ஆடுவதற்கு இந்த இயலின் எந்தப் பகுதியையும் எவரும் பயன்படுத்தலாகாது, குறிப்பாக இளைஞர்கள்.

இறுதியாக, மாதிரி 20 விழுக்காடு என்று சொன்ன நிகழ்வுகள் அனைத்தையும் ஒன்றுசேர்த்து அவற்றுள் ஐந்தில் ஒன்று நடந்ததா என்றும், 60 என்று சொன்னவற்றுள் ஐந்தில் மூன்று நடந்ததா என்றும் பார்க்க வேண்டும். இதற்கு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் தேவைப்படுவதால் ஒரே உலகக் கோப்பையைக் கொண்டு எந்த மாதிரிக்கும் தீர்ப்பு எழுத முடியாது. வாசகர் அடுத்த சர்வதேச ஆட்ட வாரத்திலிருந்தே தொடங்கலாம்: ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மூன்று நிகழ்தகவுகளையும் தேதியும் நேரமும் இட்டு ஆட்டத்துக்கு முன்பே ஒரு கோப்பில் பதிந்து, ஆட்டம் முடிந்தபின் எந்த எண்ணையும் திருத்தாமல் மதிப்பெண்ணை மட்டும் அதன் எதிரே எழுதிவர வேண்டும்.